பாட்டரி வண்டியும் வீட்டு மின்சாரமும்: சர்க்கார் உதவித்தொகை எதற்கு உண்டு, எதற்கு இல்லை

மூங்கில்துறைப்பட்டுச் சர்க்கரை ஆலையைச் சுற்றியுள்ள கிராமங்களில் ஒரு குடியானவரின் வேலை ஓரிடத்தில் முடிவதில்லை. விடியற்காலையில் பாலைச் சங்கத்தில் ஊற்றிவர வேண்டும். பிறகு கழனிக்குச் சென்று கரும்புக்குத் தண்ணீர் திருப்ப வேண்டும். வெட்டு உத்தரவு விஷயமாக ஆலைக்கு ஒரு நடை, உரத்துக்கோ மோட்டார்ப் பழுதுக்கோ சங்கராபுரம் அல்லது திருவண்ணாமலைக்கு ஒரு நடை என்று நாளொன்றுக்கு முப்பது நாற்பது கிலோமீட்டர் ஓடிவிடுகிறது. இத்தகைய ஓட்டத்துக்குப் பெட்ரோல் வண்டியைக் காட்டிலும் பாட்டரி ஸ்கூட்டர் சிக்கனமானது என்பதைக் கண்டறிந்தே அநேகர் அதை வாங்க முற்படுகின்றனர்.

வண்டியை வாங்க நினைப்பவர் அடுத்தபடியாகக் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. “வீட்டில் சார்ஜ் ஏற்றும் பெட்டி வைத்துக்கொள்ளச் சர்க்கார் பணம் கொடுக்கிறதாமே, அதற்கு எங்கே மனுப் போட வேண்டும்?” என்பதே அது. இக்கேள்விக்குச் சரியான விடை தெரியாமையால் இருவகை நஷ்டம் நேரக்கூடும். உதவித்தொகை வாங்கித் தருவதாகச் சொல்பவரிடம் முன்பணத்தை இழப்பது ஒன்று. உதவித்தொகை இல்லையென்று அறிந்ததும், கிணற்றடி இலவச மின்சாரத்திலேயே வண்டியை மாட்டிவிடுவது மற்றொன்று. பின்னது முன்னதைக் காட்டிலும் கேடு மிகுந்தது.

வேறு இடங்களில் கொடுத்த உதவி

வீட்டுச் சார்ஜருக்கு உதவித்தொகை என்ற பேச்சு ஆதாரமில்லாமல் எழுந்ததன்று. டில்லி சர்க்கார் 2020 ஆகஸ்டில் வெளியிட்ட மின்வாகனக் கொள்கையில், வீடுகளிலும் வேலை செய்யும் இடங்களிலும் அமைக்கப்படும் முதல் 30,000 சார்ஜ் முனைகளுக்கு, முனை ஒன்றுக்கு 6,000 ரூபாய்க்கு மேற்படாமல் கருவியின் விலையைக் கொடுப்பதாக அறிவித்தது. மாடி வீடுகளில் நெருங்கி வாழ்ந்து, வண்டியைக் கீழே பொது இடத்தில் நிறுத்தும் நகரவாசிகளுக்கு அவ்வுதவி பொருத்தமானதே. இங்கிலாந்திலும் பல ஆண்டுகள் வீட்டுச் சார்ஜருக்கு உதவித்தொகை வழங்கி வந்தனர். ஆனால் 2022 மார்ச்சு மாதத்துடன், சொந்தத் தனி வீடு உடையவர்களுக்கு அதை நிறுத்திவிட்டு, வாடகைக் குடிகளுக்கும் அடுக்குமாடிகளில் வசிப்போருக்கும் மட்டுமே கொடுக்கலாயினர். சொந்த வாசலும் சொந்த மீட்டரும் உடையவன் தானே செய்துகொள்ள இயலும் என்ற எண்ணமே இதற்குக் காரணம் என்று தோன்றுகிறது. நம் கிராமத்துக் குடியானவர் இக்கடைசி வகுப்பைச் சேர்ந்தவர் என்பது கவனிக்கத்தக்கது.

தமிழ்நாட்டிலோ, வீட்டில் வைக்கும் சார்ஜருக்கெனத் தனியாக உதவித்தொகை எதுவும் குடியானவருக்குக் கிடைக்குமென்று நம்பிப் பணம் செலவிட வேண்டியதில்லை. 2023 பிப்ரவரியில் வெளியான தமிழ்நாட்டு மின்வாகனக் கொள்கை சார்ஜ் ஏற்றுதலுக்குக் காட்டும் சலுகை பொதுச் சார்ஜ் நிலையங்களை நோக்கியது. மத்திய சர்க்கார் 2024 அக்டோபரில் 10,900 கோடி ரூபாய் ஒதுக்கித் தொடங்கிய பி.எம். இ-டிரைவ் திட்டத்திலும் சார்ஜ் ஏற்றும் வசதிக்கென ஒதுக்கிய 2,000 கோடி பொது நிலையங்களுக்கே உரியது. ஆகவே “உங்கள் வீட்டுச் சார்ஜருக்குச் சர்க்கார் பணம் வந்திருக்கிறது, ஆயிரம் ரூபாய் கட்டுங்கள்” என்று ஒருவர் தொலைபேசியில் சொன்னால், அவரிடம் மேற்கொண்டு பேசாமலிருப்பதே உத்தமம்.

உதவித்தொகை இல்லையென்பதால் வருந்தவும் வேண்டியதில்லை. ஸ்கூட்டருக்கான சார்ஜர் பெரும்பாலும் வண்டியுடனேயே கொடுக்கப்படுகிறது. அதை மாட்டுவதற்கு வேண்டியது நல்ல எர்த்துடன் கூடிய மூன்று ஊசிப் பிளக் ஒன்றுதான். வீட்டு இணைப்பிலிருந்து சொந்த வண்டிக்குச் சார்ஜ் ஏற்றத் தனி லைசென்சு எதுவும் தேவையில்லை. மத்திய மின்சார அமைச்சகம் 2022 ஜனவரியில் வெளியிட்ட நெறிமுறைகள், இருக்கின்ற இணைப்பிலிருந்தே வீட்டிலும் அலுவலகத்திலும் சார்ஜ் ஏற்றிக்கொள்ளலாம் என்று தெளிவாகக் கூறுகின்றன. நான்கு சக்கர வண்டி வாங்குபவர் விஷயம் சற்று வேறு. அதன் பாட்டரி ஸ்கூட்டர் பாட்டரியைப் போல் ஏழெட்டு மடங்கும் அதற்கு மேலும் கொள்ளும். சுவரில் பொருத்தும் 7 கிலோவாட் பெட்டி வைக்க வேண்டுமானால், முதலில் மின்வாரிய அலுவலகத்தில் அனுமதிச் சுமையை உயர்த்திக்கொள்ள வேண்டும். சில வீடுகளுக்கு மும்முனை இணைப்பே அவசியமாகலாம். ஆனால் நாற்பது கிலோமீட்டர் ஓடும் குடியானவருக்கு இப்போது அக்கவலை இல்லை.

கிணற்றடிப் பிளக்கின் உண்மையான விலை

“வீட்டு மீட்டரில் ஏன் ஏற்ற வேண்டும் அண்ணே? மோட்டார்க் கொட்டகையில் ஒரு பிளக் வைத்துவிட்டால் ஆயிற்று; அங்கேதான் கரண்டுக்குக் காசில்லையே” என்று யோசனை சொல்வோர் எந்த ஊரிலும் இருப்பர். இந்த யோசனையைக் கணக்குப் போட்டுப் பார்ப்பது நலம்.

ஒரு குடியானவர் நாளொன்றுக்கு 40 கிலோமீட்டர் வீதம் இரண்டு மாதத்தில் 2,400 கிலோமீட்டர் ஓடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பெட்ரோல் வண்டி லிட்டருக்கு 50 கிலோமீட்டர் கொடுத்தால் 48 லிட்டர் வேண்டும். லிட்டர் நூறு ரூபாய் என்று கொண்டால் 4,800 ரூபாய் ஆகிறது. பாட்டரி ஸ்கூட்டரோ, சார்ஜ் ஏற்றும்போது ஏற்படும் சேதாரத்தையும் சேர்த்து, யூனிட்டுக்கு இருபத்தைந்து கிலோமீட்டருக்குக் குறையாமல் ஓடும். அதன்படி இரண்டு மாதத்துக்கு 96 யூனிட் போதும். யூனிட் ஐந்து ரூபாய் என்று மேலாகவே மதிப்பிட்டாலும் 480 ரூபாய்க்கு மேல் போகாது. ஆக, வண்டியை மாற்றியதனால் மிச்சமாவது நாலாயிரத்துக்கு மேல். கிணற்றடி இலவச மின்சாரத்தில் மாட்டுவதனால் அதற்கு மேலும் மிச்சமாவது நானூற்றுச் சொச்சம். இந்த நானூறு ரூபாய்க்காக எதைப் பணயம் வைக்கிறோம் என்பதே யோசிக்க வேண்டிய விஷயம்.

விவசாய இணைப்பு நீர் இறைப்பதற்காகக் கொடுக்கப்பட்டது. எந்தக் காரியத்துக்காக மின்சாரம் அனுமதிக்கப்பட்டதோ அதற்கு மாறான காரியத்துக்கு உபயோகிப்பதை, 2003-ம் வருஷத்து மின்சாரச் சட்டத்தின் 126-வது பிரிவு அனுமதியற்ற உபயோகம் என்று கூறுகிறது. அவ்வாறு கண்டுபிடிக்கப்பட்டால், உபயோகித்த காலம் முழுவதற்கும், காலத்தை நிச்சயிக்க இயலாவிடில் பன்னிரண்டு மாதத்துக்கும், உரிய கட்டணத்தைப் போல் இரு மடங்கு விதிக்கப்படும். பணத்தையாவது எப்படியேனும் கட்டிவிடலாம். இணைப்புக்கே இடையூறு நேருமானால் கரும்பின் கதி என்ன? விவசாய இணைப்புக்கு மனுக் கொடுத்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த குடும்பங்களுக்கு அதன் அருமையைச் சொல்லத் தேவையில்லை. சித்திரை வெயிலில் பத்து நாள் தண்ணீர் தவறினால் அக்கரும்பு ஆலைக்குப் போகும்போது எடையில் அதைக் காட்டிவிடும்.

சட்டத்தை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும் கிணற்றடி சார்ஜருக்கு ஏற்ற இடமன்று. மும்முனை மின்சாரம் அங்கே நேரம் பார்த்து வருகிறது. அக்கம்பக்கத்து மோட்டார்கள் ஒரே சமயத்தில் கிளம்பும்போது வோல்டேஜ் தாழ்ந்தும், நிற்கும்போது உயர்ந்தும் ஆடுகிறது. மோட்டாரின் தாமிரச் சுருள் அதைத் தாங்கிக்கொள்ளும். சார்ஜரினுள்ளிருக்கும் நுட்பமான உறுப்புகள் தாங்குவது கடினம். கொட்டகையின் கூரை ஒழுக்கும், பாட்டரியின் சூடும், ஓரத்தில் போட்டிருக்கும் கரும்புச் சோகையும் ஒன்று சேர்வது இன்னும் அபாயகரமானது.

செலவழிக்க வேண்டிய இடம்

மானியமில்லை என்ற பின், குடியானவர் தம் கைப்பணத்தில் சில ஆயிரம் ரூபாயை எதற்குச் செலவிடுவது என்றால், வீட்டு ஒயரிங்குக்கு என்பதே விடை. பழைய ஓட்டு வீடுகளில் விளக்குக்கும் மின்விசிறிக்கும் போட்ட மெல்லிய கம்பியிலேயே மிக்ஸி, டெலிவிஷன், கடைசியில் வண்டி என்று ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டிவருவது வழக்கமாகிவிட்டது. மிக்ஸி போன்ற கருவிகள் சில நிமிஷங்களே வேலை செய்கின்றன. சார்ஜரோ நாலைந்து மணி நேரம் இடைவிடாமல் மின்சாரத்தை இழுக்கிறது. தளர்ந்த பிளக்கு அத்தனை நேரமும் சூடேறிக்கொண்டே இருக்கும்.

2022 மார்ச்சில் வேலூரில் நடந்த விபத்தைப் பலரும் நினைவு வைத்திருப்பர். இரவில் வீட்டில் சார்ஜில் போட்டிருந்த வண்டி தீப்பற்றி, அதன் புகையில் ஒரு தகப்பனும் மகளும் உயிரிழந்தனர். அந்த ஆண்டில் நாட்டின் பல பாகங்களில் நேர்ந்த இத்தகைய விபத்துகளுக்குப் பிறகு, பாட்டரிக்கான ஏ.ஐ.எஸ். 156 என்ற பாதுகாப்பு விதி கடுமையாக்கப்பட்டது. திருத்திய விதி 2022 டிசம்பர் தொடங்கி இரு கட்டமாக அமுலுக்கு வந்தது. எனவே பழைய வண்டியை மலிவாக வாங்குவோர், அது 2023 ஏப்ரலுக்குப் பின் செய்யப்பட்டதுதானா என்று கேட்டுக்கொள்வது அவசியம். கம்பெனி கொடுத்த சார்ஜர் கெட்டுவிட்டால் சந்தையில் கிடைக்கும் ஏதோ ஒன்றை வாங்கி மாட்டுவது உயிரோடு விளையாடுவதற்குச் சமானம்.

வண்டிக்கென்று மீட்டர்ப் பலகையிலிருந்தே நேராக ஒரு தனிக் கம்பி இழுக்கச் சொல்ல வேண்டும். தூரம் அதிகமில்லாத வீட்டுக்கு 4 சதுர மில்லிமீட்டர்த் தாமிரக் கம்பி தாராளமாகப் போதும். 16 ஆம்பியர்ப் பிளக்கும், அதற்கெனத் தனித் தடுப்பு ஸ்விட்சும், 30 மில்லி ஆம்பியர்க் கசிவிலேயே மின்சாரத்தை வெட்டிவிடும் கசிவுத் தடுப்பானும் வைக்க வேண்டும். எர்த் கம்பியைத் தண்ணீர்க் குழாயில் சுற்றிவிட்டுத் திருப்திப்படும் ஒயர்மேன்கள் இன்னும் இருக்கின்றனர். குழாய்கள் பிளாஸ்டிக்காக மாறி வெகுகாலமாயிற்று. முறையாகக் குழி வெட்டி எர்த் பதித்து, கோடையில் அதற்கு ஒரு குடம் தண்ணீர் விட்டு வர வேண்டும். வண்டியை நிறுத்துமிடம் வீட்டின் ஒரே வாசலை அடைத்ததாகவோ, வைக்கோல் போருக்கு அருகிலோ, மனிதர் படுக்கும் அறையினுள்ளோ இருத்தலாகாது. ஓடி வந்த சூட்டோடு மாட்டாமல், அரைமணி ஆறவிட்டு, மாலையில் விழித்திருக்கும் நேரத்திலேயே ஏற்றி முடித்துவிடுவது விவேகம்.

தென்பெண்ணைக் கரையில் வசிப்போருக்கு இன்னொரு விஷயமும் உண்டு. 2024 டிசம்பர் முதல் வாரத்தில், புயல் மழையினால் சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் நீர் திறக்கப்பட்டு, ஆற்றின் இருகரையிலும் வெள்ளம் ஏறியது. பிளக்கை மார்பளவு உயரத்தில் வைப்பதும், வெள்ள எச்சரிக்கை வந்தவுடன் வண்டியை மேட்டுக்குக் கொண்டுபோவதும் சிறு காரியங்களே. நீரில் மூழ்கிய பாட்டரியைத் துடைத்துக் காயவைத்து மீண்டும் சார்ஜில் போடலாகாது. கம்பெனிக்காரர் சோதித்த பிறகே தொட வேண்டும்.

கூரைமேல் உள்ள உதவித்தொகை

முற்காலத்தில் கிணறு வெட்டச் சர்க்கார் கொடுத்த தக்காவிக் கடனை வட்டியுடன் திருப்பிக் கட்ட வேண்டியிருந்தது. இக்காலத்து உதவித்தொகை திருப்பிக் கட்ட வேண்டாதது. அந்த வகையில் வீட்டு மின்சாரத்துக்காக இப்போதுள்ள பெரிய உதவி சார்ஜருக்கு அல்ல, கூரைமேல் வைக்கும் சூரிய மின் தகடுகளுக்கே ஆகும். மத்திய சர்க்கார் 2024 பிப்ரவரியில் தொடங்கி, 75,021 கோடி ரூபாய் செலவில் 2026-27 நிதியாண்டு வரைக்குமாக வகுத்த பி.எம். சூர்ய கர் திட்டம் ஒரு கோடி வீடுகளை எட்ட நினைக்கிறது. அதன்படி முதல் இரண்டு கிலோவாட்டுக்குக் கிலோவாட் ஒன்றுக்கு 30,000 ரூபாயும், மூன்றாவது கிலோவாட்டுக்கு 18,000 ரூபாயும், ஆக மொத்தம் 78,000 ரூபாய்க்கு மேற்படாமல் உதவித்தொகை கொடுக்கப்படுகிறது. நம் பக்கத்து வெயிலில் ஒரு கிலோவாட் தகடு நாளொன்றுக்கு ஏறக்குறைய நான்கு யூனிட் உண்டாக்கும். அதாவது இரண்டு மாதத்தில் 240 யூனிட். பாட்டரி ஸ்கூட்டர் கேட்பதோ மேலே கண்டபடி 96.

இதைக் கேட்டதும் எல்லோரும் உடனே மனுப் போட்டுவிட வேண்டும் என்பதில்லை. தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்தில் முதல் 100 யூனிட் இலவசமாகவே கிடைக்கிறது. வண்டியையும் சேர்த்து நூறு நூற்றைம்பது யூனிட்டுக்குள் முடித்துக்கொள்ளும் சிறு குடும்பத்துக்குத் தகட்டினால் மிச்சமாகப் போவது சொற்பம். அவர்கள் கடன்பட்டு இதைச் செய்வது பயனற்றது என்றே சொல்ல வேண்டும். இருநூற்றெழுபது யூனிட் ஆகும் வீட்டில் ஒரு கிலோவாட்டே போதும். ஆனால் போட்ட முதல் திரும்பப் பல ஆண்டு ஆகலாம். நானூறு, ஐந்நூறு யூனிட் எரிக்கும் வீட்டுக்குத்தான் இது மெய்யான லாபம். ஐந்நூறைத் தாண்டினால் கீழ்ப்படிகளில் இருந்த சலுகையும் குறைந்துவிடுவதால், வண்டி வாங்கியதனால் அந்த எல்லையைக் கடக்கும் வீட்டார் தகட்டைப் பற்றி அவசியம் யோசிக்க வேண்டும். செலவில் எஞ்சிய பங்குக்கு வங்கிகள் ஈடில்லாமல் குறைந்த வட்டிக்குக் கடன் கொடுக்கின்றன.

தகட்டைப் பற்றிப் பரவியிருக்கும் ஒரு தப்பெண்ணத்தை நீக்குவது நல்லது. கூரையில் தகடு இருந்தால் கரண்டு போனாலும் வீட்டில் மின்சாரம் இருக்கும் என்று பலர் எண்ணுகின்றனர். உதவித்தொகையில் வழக்கமாக அமைக்கப்படும் தகடு மின்வாரியக் கம்பியுடன் இணைந்து வேலை செய்வது. கம்பியில் மின்சாரம் நின்றால், கம்பத்தில் வேலை செய்யும் ஆளுக்கு ஆபத்து நேராதபடி, தகடும் தானே நின்றுவிடும். பகலில் தகடு உண்டாக்குவதை வாரியத்துக்குக் கொடுத்து, இரவில் வண்டிக்கு வாங்கிக்கொள்வதை இருபுறமும் அளக்கும் மீட்டர் கழித்துக் காட்டும் என்பதே இதிலுள்ள சூட்சுமம்.

கூரையும் பார்க்க வேண்டியதே. கிலோவாட் ஒன்றுக்குச் சுமார் நூறு சதுர அடி நிழலில்லாத இடம் வேண்டும். ஓட்டுக் கூரையும் கீற்றுக் கூரையும் உதவா. காங்கிரீட் தளமே உறுதியானது. தென்னை மர நிழல் ஒரு மூலையில் விழுந்தாலும் உற்பத்தி கணிசமாகக் குறையும். ஆலைக்கு அருகிலுள்ள வீடுகளில் அரவைப் பருவத்தில் தகட்டின்மேல் கரித்தூள் படிந்தால், வாரம் ஒருமுறை விடியற்காலையில், கண்ணாடி சூடேறுமுன், வெறுந் தண்ணீரால் கழுவிவிட வேண்டும்.

ஏற்கெனவே வேளாண்மைப் பொறியியல் துறையின் மூலம் சூரிய பம்புசெட் வைத்திருப்பவர்களுக்கு வேறொரு வழி இருக்கிறது. பம்பு வருஷம் முழுவதும் ஓடுவதில்லை. மழைக்காலத்திலும் அறுவடைக் காலத்திலும் அத்தகடுகள் வெயிலைச் சும்மா வாங்கிக்கொண்டு நிற்கின்றன. பி.எம். குசும் திட்டத்தில் அனுமதிக்கப்பட்டிருக்கும் பல்பயன் கட்டுப்பாட்டுப் பெட்டியைப் பொருத்தினால், அந்நாட்களில் தீவனம் நறுக்கும் இயந்திரம், மாவரைக்கும் இயந்திரம், பாட்டரி சார்ஜ் ஆகியவற்றுக்கு அதே தகடுகளைப் பயன்படுத்தலாம். இது சொந்தத் தகட்டின் மின்சாரமாதலால் 126-வது பிரிவின் பயமும் இல்லை. ஆனால் சாதாரணப் பெட்டியிலிருந்து தாமே கம்பி பிரித்து மாட்டுதல் கூடாது. அதிலிருந்து வருவது வீட்டுப் பிளக்கில் வரும் மின்சாரமன்று, சார்ஜர் கருகிவிடும். கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்கு ஏறும் கல்வராயன்மலைவாசிகளுக்கு இவ்விஷயம் விசேஷமாக உபயோகப்படும். மலையேற்றத்தில் பாட்டரி சமவெளிக் கணக்கைவிட வேகமாக இறங்கிவிடுகிறது. ஏறிய இடத்தில் மறுபடி சார்ஜ் ஏற்ற வழியிருந்தாலொழிய அங்கு இவ்வண்டியை நம்பிப் பயணம் செய்வது சிரமம்.

சூர்ய கர் திட்டத்துக்கு மனுச் செய்ய வேண்டியது அத்திட்டத்தின் இணையதளத்தில்தான். தாமே செய்ய இயலாதவர் இ-சேவை மையத்தில் செய்துகொள்ளலாம். மின் இணைப்பு எண், ஆதார், வங்கிப் புத்தகம் ஆகிய மூன்றும் கையிலிருக்க வேண்டும். அங்குப் பதிவு செய்த கம்பெனிகளுள் ஒன்றையே தேர்ந்தெடுக்க வேண்டும். பதிவில்லாதவர் போட்ட தகட்டுக்கு உதவித்தொகை வராது. தகடுகளும் இந்தியாவில் செய்த செல்களால் ஆனவையாக இருத்தல் வேண்டும். வேலை முடிந்து, வாரியத்தார் மீட்டர் மாற்றி, சான்று ஏறிய பிறகே பணம் நேரே குடியானவரின் வங்கிக் கணக்குக்கு வரும். முழுத் தொகையையும் முன்னதாகக் கேட்கும் கம்பெனியிடம் வேலை முடிந்தபின் கொடுக்கும் பங்கு எவ்வளவு என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளலாம். இவை எல்லாவற்றுக்கும் முன்பாக வீட்டு மின் அட்டையை எடுத்துப் பெயரைப் பார்க்க வேண்டும். கிராமங்களில் காலஞ்சென்ற பாட்டனார் பெயரிலேயே இணைப்பு ஓடிக்கொண்டிருப்பது சகஜம். இணைப்பின் பெயரும் வங்கிக் கணக்கின் பெயரும் ஒத்திராவிட்டால் உதவித்தொகை வழியில் நின்றுவிடும். அத்தகையோர் வாரிசுச் சான்றும் வீட்டு வரி ரசீதும் கொண்டு, மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் பெயர் மாற்றத்துக்கு மனுக் கொடுத்து, மாறிய பெயருடன் முதல் பட்டியல் வந்த பிறகு தகட்டுக்கு மனுச் செய்தல் வேண்டும்.